கோட்டுகள்

மூங்கில் கழியில் காய்கின்றன நான்கு கோட்டுகள்,
புக்கிட் பாத்தோக்கில், பதினொன்றாம் மாடியில்.
ஈரச்சந்தைக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்:
முப்பத்து மூன்று டிகிரியில்
யாருக்கடா குளிர்கிறது?

நான்கில் ஒன்றும் எங்களுடையதில்லை.
கறுப்பு நீளக் கோட்டு ஜமாலின் மேலாளருடையது.
கை நீளம்; லட்லோ முழுக்க
விரல் இல்லாத மனிதராகவே நடந்தார்.
அயூபுடையதில் பொத்தானெல்லாம் பூ.
யாரோ ஒரு பெண்பிள்ளை வளர்ந்து கழித்தது.
"நம்மளத் தெரியாத ஊர்தானே" என்று போட்டுக்கொண்டான்,
படம் எடுக்கும்போது மட்டும்
இரண்டு கையாலும் பூக்களை மூடிக்கொண்டான்.
ரிஃபானாவுடையது இருபது வெள்ளிக்கு வாங்கியது.
வெள்ளிக்கிழமை விற்றுவிடுவாள்,
ஆக அதுவும் கணக்கில் இல்லை.
பழுப்புக் கோட்டு எட்டாம் மாடி திருமதி கோவுடையது.
அதைத்தான் நான் போட்டிருந்தேன்.

"லண்டனுக்கு எல்லாரும் போறாங்க, நீ லட்லோ போ"
என்று சொன்னதும் அவர்தான்,
மின்தூக்கிக் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு.
ஏன் என்று கேட்பதற்குள் கதவு மூடிவிட்டது.

சின்ன ஊர்.
மரச்சட்டம் போட்ட வீடுகள்
கடைசி ரயிலில் தூங்கிப்போனவர்கள் மாதிரி
பக்கத்து வீட்டின் தோளில் சாய்ந்திருந்தன,
நூற்றாண்டுக் கணக்கில், யாரும் எழுப்பாமல்.
எங்கள் புளோக் எண்பத்து நான்கில் கட்டியது.
பழசாகிவிட்டது, இடிக்கப்போகிறார்கள் என்று
ஆண்டுக்கு ஒரு வதந்தி.
இங்கேயோ கூரையில்லாத கோட்டைக்கு
டிக்கெட் வாங்கி உள்ளே போய்
காற்றைப் பார்த்துவிட்டு வந்தோம்.

பழைய மதில்வாசலுக்குள் கார்கள்
ஒவ்வொன்றாக, மூச்சை உள்ளிழுத்து நுழைந்தன.
நான் பஸ் ஓட்டுகிறவள்.
என் இரட்டைமாடி இதற்குள் போகாது என்று
யாரும் கேட்காமலே அளந்து முடித்திருந்தேன்.

மதில் ஓரத்து பெஞ்சில் டப்பாவைத் திறந்தோம்.
கொழுந்தன் வீட்டில் விடியலில் கட்டிய புளிச்சோறு
மெழுகாக உறைந்திருந்தது.
அயூப் ஒவ்வொரு கவளத்துக்கும் ஊதி
வாயிலிருந்து வந்த புகையைச் சுடச்சுடச் சோறு என்றான்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஜமால் போனைப் பார்த்தார்,
வானத்தைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.
"மக்ரிபாம்."
வருஷம் முழுக்க ஏழு மணிக்கே பொழுது சாய்கிற ஊர்க்காரர்
யாரோ பாதி நாளைத் திருடிவிட்டதுபோல்
மணிக்கூண்டை முறைத்தார்.

வந்து இறங்கியதிலிருந்து எல்லோருக்கும் ஒரே கேள்வி:
பனி கொட்டியதா?
டிப்போவில், கோப்பிக் கடையில், பள்ளிவாசலில்.
இல்லை.
மழைதான்.
இங்கே மாதிரி இடித்து, கொட்டி, போய்விடுகிற மழை அல்ல.
வந்த காரியத்தைச் சொல்லாமல்
அரைநாள் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி மாதிரி மழை.

துவைக்கும்முன் பைகளைத் துழாவினேன்.
பழுப்புக் கோட்டின் கிழிந்த உள்பைக்குள்
நாலாக மடித்த ரசீது.
லட்லோ. ஒன்பது வருடத்துக்கு முந்தைய டிசம்பர்.
தேநீர் இரண்டு. கேக் ஒன்று.

திரு. கோவுக்கு விமானம் என்றாலே வியர்க்கும்.
மலாக்காவைத் தாண்டியதில்லை, அதுவும் தரைவழிதான்.
என்னிடமே சொல்லியிருக்கிறார்,
என் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி,
அதில் கொஞ்சம் பெருமையோடு.

குளிருக்கு ஒருத்தியே இரண்டு குடித்திருக்கலாம்.
நானே குடித்தேனே.

கோட்டு காய்ந்ததும்
ரசீதை அதே மடிப்பில் அதே கிழிசலுக்குள் வைத்தேன்.
ஜமாலிடம்கூடச் சொல்லவில்லை.

எட்டாம் மாடி. கதவு திறந்தது.
கூடத்தில் திரு. கோ தொலைக்காட்சியில் பந்தாட்டம்.
கோட்டை வாங்கியவர் அதை விரித்துப் பார்க்கவில்லை,
மோந்து பார்க்கவில்லை.
கை மட்டும் நேராக உள்பைக்குப் போய்
ஒரு நொடி நின்று
வெறுமனே வெளியே வந்தது.

பனியைப் பற்றி அவர் கேட்கவில்லை.
"மழை பெஞ்சுதா?" என்றார், சன்னமாக.

பெஞ்சுது என்றேன்.
நாள் பூரா.